முகாம் பேட்ஜின் இருபது இரவுகள்: அமெரிக்கச் சாரணர் வெளிப்புற பேட்ஜுகள் பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் பிள்ளைகளைச் சாரணர் இயக்கத்தில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர், சேர்த்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். ஒரு திறமையைக் கற்றதற்காகத் தரப்படும் பேட்ஜுக்கென்று எழுதி வைத்திருக்கும் நிபந்தனைகளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியே ஆக வேண்டுமா, பிள்ளை மனமாரப் பாடுபட்டதைப் பார்த்துச் சற்று விட்டுக்கொடுக்கக் கூடாதா? 1910இல் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் தொடங்கி, 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கிவரும் அமைப்பின் வெளிப்புற பேட்ஜுகளை இந்தக் கேள்வியின் வழியாகவே இங்கே மதிப்பிடுகிறேன். முகாம் பேட்ஜுக்கு ஆலோசகராக, அதாவது பிள்ளை நிபந்தனைகளை நிறைவேற்றியதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவராக, தன்னார்வப் பணி செய்துவருவதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. நடைப்பயண பேட்ஜும் தேசிய வெளிப்புற விருதுகளும் இடையிடையே வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை நன்கு யோசித்து எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள எண்களையும் செயல்களையும் குறைக்காமல் கடைப்பிடித்தால்தான் பேட்ஜுக்கு மதிப்பு உண்டு. ஆனால் வாசகம் வாய் திறக்காத இடங்களில் பெரியவர்கள் தங்கள் சொந்தக் கண்டிப்பைப் புகுத்துவது, நிபந்தனையைத் தளர்த்துவதற்குச் சற்றும் குறையாத விதிமீறல். தளர்த்துகிறவர்களைப் பற்றி எல்லோரும் குறைப்படுகிறார்கள். கூட்டுகிறவர்களை மட்டும் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

முகாம் பேட்ஜின் மையம் இருபது இரவு நிபந்தனை. சாரணர் நிகழ்ச்சியென்று அறிவிக்கப்பட்ட முகாம்களில் மொத்தம் குறைந்தது 20 இரவுகள் தங்க வேண்டும். நீண்ட முகாம் ஒன்றிலிருந்து மட்டும், தொடர்ச்சியான 6 இரவுகள் வரை கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இரவும் திறந்த வானத்தின் கீழோ, தானே அடித்த கூடாரத்திலோ உறங்க வேண்டும். முகாம் நிர்வாகமே கூடாரம் அடித்துக் கொடுத்திருந்தால் மட்டும் பிள்ளை அடிக்கத் தேவையில்லை. இவ்வளவுதான் வாசகம். இதை முதன்முறை படிக்கும் பெற்றோருக்கு அந்த ஆறு இரவு உச்சவரம்பு அநியாயமாகத் தெரியும். கோடை முகாமுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து போன பிள்ளைக்கு மூன்றிலும் உறங்கிய இரவுகளைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள்.

எண்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் காரணம் புரியும். இருபதில் ஆறு போனால் மீதி பதினான்கு. வெள்ளி இரவும் சனி இரவும் தங்கும் வார இறுதி முகாம்களாக இருந்தால், பதினான்கு இரவுகளுக்கு ஏழு முகாம்கள் வேண்டும். மாதம் ஒரு முகாம் நடத்தும் குழுவில் இதற்கு ஓராண்டின் பெரும்பகுதி ஓடிவிடும். அதற்குள் பிள்ளை கோடையையும் குளிரையும் பார்த்திருப்பாள், மழையில் கூடாரம் மடித்திருப்பாள், எடுத்துவர மறந்த பொருள் இல்லாமல் ஓர் இரவைக் கழித்திருப்பாள், அடுத்த மாதம் அதை மறக்காமல் எடுத்து வைத்திருப்பாள். மூட்டை கட்டுவது, இடம் தேர்ந்தெடுப்பது, சமைப்பது, எல்லாவற்றையும் துடைத்து மடித்துத் திரும்புவது என்ற இந்தச் சுற்று ஏழு முறையாவது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும் என்பதே உச்சவரம்பின் நோக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். கோடை முகாமில் இந்தச் சுற்று ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. அதிலும் பெரும்பாலான முகாம்களில் கூடாரம் ஏற்கெனவே நிற்கிறது, சாப்பாட்டுக் கூடத்தில் உணவு தயாராக இருக்கிறது. ஆகவே இந்த எண்ணில் ஓர் இரவுகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பத்தொன்பது இரவுகளோடு வரும் பிள்ளையிடம், அடுத்த முகாம் முடிந்ததும் வா என்று அன்பாகச் சொல்லி அனுப்புவதில் எந்தக் கொடுமையும் இல்லை. தொடங்கிய பேட்ஜுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வரை காலாவதி கிடையாது.

குடும்பத்தோடு போகும் முகாம்கள் சேராது என்பதுதான் நம்மவர்களுக்கு அதிகம் வலிக்கும் பகுதி. யோசமிட்டி பள்ளத்தாக்கில் அப்பா அம்மாவோடு கூடாரத்தில் தங்கிய இரவுகள் எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அந்தப் பிள்ளை அங்கே கூடாரம் அடித்திருக்கலாம், கரடிக்கு எட்டாத பெட்டியில் உணவைப் பூட்டி வைத்திருக்கலாம். ஆனாலும் வாசகம் சாரணர் நிகழ்ச்சி என்கிறது, அதில் இரண்டாவது பொருளுக்கு இடமில்லை. தன் வயதுப் பிள்ளைகள் சேர்ந்து தாங்களே வேலையைப் பங்கிட்டு, தாங்களே சமைத்து, தங்களுக்குள் மூண்ட சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் இரவுகள் வேறு வகையானவை. அம்மா பக்கத்தில் இருக்கும் முகாமில் அவை அமைவதில்லை. குடும்பப் பயணம் பிள்ளையின் திறமையை வளர்க்கட்டும். கணக்கில் எழுத வேண்டாம்.

உறங்கும் இடத்தைப் பற்றிய விவாதம்தான் மிகவும் சுவையானது, மிகவும் சிக்கலானதும்கூட. மரக்குடில் சேராது என்பதில் ஐயமில்லை. மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு படுக்கை திறந்த வானத்தின் கீழ் என்பதில் அடங்கிவிடுகிறது; மேலே மழைத்தடுப்புத் துணி கட்டியிருந்தால் அதையும் பிள்ளையே கட்டியிருக்கிறாளா என்று மட்டும் கேட்பேன். இருவர் சேர்ந்து அடித்த கூடாரத்தில் இருவரும் உறங்கினால் இருவருக்கும் சேரும். தனியாக அடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்று பக்கம் பலகைச் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக மலைப்பாதைகளில் நிற்கும் தங்குமிடங்களில்தான் எனக்குத் தயக்கம் வருகிறது. அங்கே கிடைக்கும் குளிரும் காற்றும் கூடாரத்தில் கிடைப்பதைவிடக் கடுமையாகவே இருக்கும். இருந்தாலும் அது பிள்ளை அடித்த கூடாரமும் அல்ல, திறந்த வானமும் அல்ல. நான் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் சேர்க்க மாட்டேன் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அந்தத் தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொள்கிறார்கள், பிரச்சினை தீர்ந்தது. இதே பதிலை முகாம் முடிந்து வந்த பிறகு சொன்னால் அது வேறு விஷயம். பிள்ளைக்குத் தெரியாத ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு, நடந்து முடிந்த இரவை அழிப்பது நேர்மையில்லை.

இதைவிடக் கடினமானது இடி மின்னல் இரவு. பிள்ளைகள் முறையாகக் கூடாரம் அடித்து உறங்கிவிடுகிறார்கள். நள்ளிரவுக்கு மேல் இடி நெருங்குகிறது. கூடாரம் மின்னலிலிருந்து பாதுகாப்புத் தராது என்பதால், பொறுப்பாளர்கள் எல்லோரையும் எழுப்பி அருகிலுள்ள கட்டடத்துக்கோ உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிகளுக்கோ கூட்டிப் போகிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியதும் அதுதான். பிள்ளைகள் மீதி இரவை அங்கேயே கழிக்கிறார்கள். இந்த இரவைச் சேர்க்கலாமா? கூடாது என்று வாதிடும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் இரவும் கூடாரத்தில் உறங்க வேண்டும் என்ற வாசகத்தை எடுத்துக் காட்டுவார்கள். நான் சேர்க்கிறேன். பிள்ளை கூடாரம் அடித்தாள், அதில் உறங்கினாள், வெளியேறும்படி சொன்னபோது கீழ்ப்படிந்து வெளியேறினாள். நிபந்தனை கேட்டதில் அவள் எதையும் தவிர்க்கவில்லை. இரவு முழுவதும் என்று வாசகத்தில் எழுதியிருக்கவுமில்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வெளியேறினால் இரவு போய்விடும் என்று ஆக்கிவிட்டால், இருபதாவது இரவில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும், அவளுக்காக மனமிரங்கும் பெரியவரும், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நினைக்கத் தொடங்குவார்கள். எந்த பேட்ஜின் கணக்கும் அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது. அதே சமயம், வானிலை மோசமாகும் என்ற முன்னறிவிப்பைப் பார்த்து, இரவு உணவு முடிந்ததும் எல்லோரும் வீடு திரும்பிவிட்டால் அது ஓர் இரவு ஆகாது. நல்ல முடிவுதான், ஆனால் முகாமில் யாரும் உறங்கவில்லை.

இந்த நிபந்தனையோடு சேர்ந்து இன்னொன்று வருகிறது. கணக்கில் சேரும் முகாம்களின்போதே, ஆறு செயல்களில் இரண்டைச் செய்ய வேண்டும். மலையேற்றம், முதுகுப்பையோடோ பனிக் காலணியோடோ பனிச்சறுக்கிலோ 4 மைல் பயணம், 15 மைல் அல்லது நான்கு மணி நேர மிதிவண்டிப் பயணம், மோட்டார் இல்லாத படகில் நான்கு மணி நேரம் அல்லது 5 மைல், பனியில் ஓர் இரவு முகாம், 30 அடி உயரத்திலிருந்தாவது கயிற்றில் இறங்குவது ஆகியவையே அந்த ஆறு. வீட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி மிதிவண்டி ஓட்டிவிட்டு வந்து அதைக் காட்டும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். முகாமோடு சேராத பயணம் இதற்கு உதவாது என்பதைக் குழுவில் யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை.

மலையேற்ற வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரம் அடி உயரம் ஏற வேண்டும் என்று மட்டும் முன்பு இருந்தது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஏற்றங்களையெல்லாம் கூட்டி ஆயிரம் வந்தால் போதுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கைக்கடிகாரமே ஏற்றத்தைக் கூட்டிக் காட்டும் காலத்தில் ஒரு சாதாரண மேடு பள்ளப் பாதையிலேயே அந்த எண் வந்துவிடும். பின்னர் வாசகத்தை மாற்றினார்கள்: புறப்பட்ட இடத்தைவிட, பயணத்தின் ஏதாவதொரு கட்டத்தில், 1,000 அடியாவது உயரத்தில் நிற்க வேண்டும். இப்போது விவாதத்துக்கு இடமில்லை. ஒரு நிபந்தனை குழப்பமாக இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் வாசகம்தான், ஒவ்வோர் ஆலோசகரின் தனி மனநிலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஃப்ளோரிடா மாநிலத்தின் மிக உயர்ந்த இடமே 345 அடிதான். அங்குள்ள பிள்ளை தன் மாநிலத்துக்குள் இந்த மலையேற்றத்தைச் செய்யவே முடியாது. அதற்காக அவளுக்கு மேட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. படகும் மிதிவண்டியும் கயிறும் பட்டியலிலேயே இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் உரிமையை நிபந்தனைக்குள்ளேயே வைத்திருப்பதால்தான் எண்ணில் கண்டிப்பாக இருப்பது நியாயமாகிறது.

இனி, கூட்டுகிறவர்களைப் பற்றி. அமைப்பின் அதிகாரபூர்வ முன்னேற்ற வழிகாட்டி இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது: எந்த மன்றத்துக்கும், குழுவுக்கும், தனி நபருக்கும் நிபந்தனையைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வாக்கியத்தில்தான் தடை செய்யப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் பார்ப்பதோ வேறு. விளக்கினால் போதும் என்றிருக்கும் இடத்தில் கட்டுரை எழுதி வரச் சொல்கிறார்கள். இருபது இரவுகளில் இத்தனை குளிர்காலத்தில் இருக்க வேண்டும் என்று தாங்களாகவே சேர்க்கிறார்கள். பேட்ஜைத் தொடங்குவதற்கான ஒப்புதல் சீட்டில் குழுத் தலைவர் கையெழுத்திட்ட தேதிக்கு முன்பு உறங்கிய இரவுகள் செல்லாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஏறத்தாழ எல்லா இரவுகளையும் இழந்து நின்ற பிள்ளையை நான் அறிவேன். முன்னரே செய்த வேலையை ஏற்பது ஆலோசகரின் முடிவு என்று வழிகாட்டி சொல்வது உண்மைதான். ஆனால் உடனே, பொது அறிவைப் பயன்படுத்துங்கள் என்றும், சாரணராக ஏற்கெனவே முகாமில் கழித்த இரவுகள் சேரும் என்றும் எடுத்துக்காட்டோடு சொல்லிவிடுகிறது. முகாம் இரவுகளையே அது எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும்போது, அதைப் படிக்காமல் ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பை நிராகரிப்பதைக் கண்டிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைப்பவர்களின் பக்கமும் நன்றாக இல்லை. வழிகாட்டி இன்னொன்றையும் வலியுறுத்துகிறது: செய்து காட்டு என்றால் செய்து காட்ட வேண்டும், பட்டியலிடு என்றால் பட்டியலிட வேண்டும், அதைப் பற்றிப் பேசுவது போதாது. குழுவாகக் கற்பித்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே, தானே நிறைவேற்றியிருக்க வேண்டும். ஒரு கோடை முகாமில் இந்த பேட்ஜுக்கான வகுப்பை நான் பார்த்தேன். மரத்தடியில் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, பயிற்றுநர் ஒரு கேள்வி கேட்பார், முன்வரிசையில் ஒருவன் பதில் சொல்வான், பட்டியலில் எல்லோருக்கும் அந்த வரி டிக் ஆகிவிடும். அந்தப் பிள்ளைகள் மீது எந்தத் தவறும் இல்லை. வழிகாட்டியும், இப்படிக் கிடைத்த பேட்ஜைப் பின்னர் பறிப்பதற்கு மிகக் குறுகிய வழியையே விட்டு வைத்திருக்கிறது. நிறைவேறியிருக்கவே முடியாது என்று தெளிவாகத் தெரிந்தால்தான், அதுவும் பிள்ளையோடு பேசிய பிறகுதான், குழுத் தலைவர் தலையிடலாம். பெரியவர்களின் சோம்பலுக்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்ற அந்த நிலைப்பாட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

செய்து காட்டுவதற்கும் சொல்வதற்கும் உள்ள தூரத்தை ஓர் அடுப்பில் பார்க்கலாம். இந்த பேட்ஜில், குழுவுக்காகப் பிள்ளை சமைக்கும் காலை, மதிய, இரவு உணவுகளில் ஒன்றாவது எடை குறைந்த பயண அடுப்பில் சமைக்கும் வழிநடை உணவாக இருக்க வேண்டும். அந்த அடுப்புகளின் வகைகளையும் நிறை குறைகளையும் மனப்பாடமாகச் சொன்ன ஒரு சிறுமி, கையில் எடுத்ததும் தடுமாறினாள். எரிவாயுக் குப்பியின் வாயில் அடுப்பின் தலையைத் திருகும்போது மரை சரியாக ஏறாமல் கோணலாக நின்றது. அவள் அழுத்தித் திருகப் போனாள். பிறகு தானாகவே நிறுத்தி, கழற்றி, எதிர்ப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி, மரை விழுந்த சத்தத்தைக் கேட்டபின் மெதுவாக ஏற்றினாள். குப்பியைக் காதருகே பிடித்துக் கசிவு இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் தீக்குச்சியை எடுத்தாள். புத்தகத்தில் படித்த எல்லாமும் அந்த அரை நிமிடத்தில்தான் அவளுக்குச் சொந்தமாயின. சொன்னால் போதும் என்று நான் கையெழுத்திட்டிருந்தால், அதே மரை ஒருநாள் காற்றடிக்கும் மலைச்சரிவில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கோணலாக ஏறியிருக்கும்.

முதுகுப்பைச் சோதனையும் இப்படித்தான். ஓர் இரவு முகாமுக்கு ஏற்ற உடையோடும் பொருள்களோடும், மூட்டை கட்டிய பையோடு குழுத் தலைவர் முன் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. புகைப்படம் அனுப்பினால் போதுமென்று சில குழுக்களில் வழக்கமாகிவிட்டது. மழைச்சட்டை பையின் அடியில், உறங்கும் பைக்கும் கீழே கிடப்பதைப் படம் காட்டாது. நேரில் நின்றால், மழை வருகிறது என்று வைத்துக்கொள், சட்டையை எடு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அந்தப் பிள்ளை அதன் பிறகு ஒருபோதும் அதை அடியில் வைக்க மாட்டாள்.

நடைப்பயண பேட்ஜில் வாசகம் இன்னும் இறுக்கமானது. 5 மைல் ஒன்று, 10 மைல் மூன்று, 15 மைல் ஒன்று, ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில், இடைவிடாத மைல்களாக. அதன்பின் ஒரே நாளில் 20 மைல். சிறு ஓய்வுகளுக்கும் ஒரு வேளை உணவுக்கும் நிற்கலாம், இரவு தங்கக் கூடாது. இங்கே வரும் சச்சரவெல்லாம் கருவியால் வருவது: ஒருவரின் கைபேசி 20.3 என்கிறது, அருகில் நடந்தவரின் கடிகாரம் 19.6 என்கிறது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே செயற்கைக்கோள் அளவு அலையும் என்பதால், பாதையின் நீளத்தை வரைபடத்தில் முன்கூட்டியே அளந்து, ஒரு மைல் கூடுதலாகத் திட்டமிட்டுவிடுவதே நல்லது. அப்போது நடந்து களைத்த பிள்ளையை வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்கவிட வேண்டியிராது.

தேசிய வெளிப்புற விருதுகள் வேறு விதமானவை. முகாம், நடை, நீர், சவாரி, சாகசம், இயற்கைப் பாதுகாப்பு என்று பிரிந்திருக்கும் இவை, சாரணர் படிநிலைகளில் ஒன்றான முதல் வகுப்புத் தரத்தையும் தொடர்புடைய பேட்ஜுகளையும் முடித்தவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அனுபவத்துக்காகத் தரப்படுகின்றன. முகாமுக்கு 25 பகலும் இரவும், அதில் தொடர்ந்து ஆறு பகல் ஐந்து இரவு கொண்ட தங்கல் முகாம் ஒன்று. நடைக்கு 100 மைல். சவாரிக்கு 200 மைல். முகாம் விருதில் அதற்கு மேல் ஒவ்வொரு 25 இரவுகளுக்கும் ஒரு தங்க முத்திரை, ஒவ்வொரு 100 இரவுகளுக்கும் ஒரு வெள்ளி முத்திரை என்று பேட்ஜின் மீது குத்திக்கொண்டே போகலாம். நீண்ட முகாம்களுக்கு இங்கே உச்சவரம்பு கிடையாது. அடிப்படைப் பயிற்சியை இறுக்கமாகவும், அதன் பிறகு சேரும் அனுபவத்தைத் தாராளமாகவும் எண்ணும் இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குறை என்றால், இங்கே எல்லாமே பதிவேட்டை நம்பி நிற்கின்றன; பல குழுக்களில் பதிவேடு அரைகுறை. பொறுப்பாளர் மாறும்போது பழைய இரவுகள் காணாமல் போகின்றன. அமைப்பின் ஸ்கவுட்புக் என்ற இணையப் பதிவேட்டில் முகாமுக்கும் நடைக்கும் தனிப் பதிவுகள் இருக்கின்றன, அவற்றைப் பிள்ளையே அன்றன்று நிரப்பப் பழக வேண்டும். அதோடு ஒரு சிறு நோட்டும் இருப்பது நல்லது.

அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்த சிறுவனை நினைவு வைத்திருக்கிறேன். தேதி, இடம், இரவுகள், வானிலை என்று பென்சிலால் கட்டம் போட்டிருந்தான். ஒரு வரியில் மட்டும் இரண்டு என்பதை அடித்து ஒன்று என்று எழுதியிருந்தான். என்ன இது என்று கேட்டபோது, “அங்கிள், ரெண்டாவது நாள் ரொம்பக் குளிருன்னு கேபின்ல படுத்துட்டேன், அது வராது” என்றான். உடன் வந்திருந்த அவன் தாய்க்கே அது தெரிந்திருக்கவில்லை. விதி தெளிவாக இருந்ததால்தான் அவனால் அப்படி அடிக்க முடிந்தது. எந்த இரவு சேரும், எந்த இரவு சேராது என்பது பெரியவர்களின் தயவைப் பொறுத்தது என்று அவனுக்குப் பழக்கியிருந்தால், அவன் அந்த வரியை அடித்திருக்க மாட்டான். என்னிடம் பேரம் பேசியிருப்பான்.

பிரிட்டனின் சாரணர் அமைப்பு வேறு பாதையில் போகிறது. அங்குள்ள வெளியிட இரவுகள் பேட்ஜில் ஓர் இரவிலிருந்து 200 இரவு வரை படிகள் உண்டு. விடுதியிலோ படகிலோ உறங்கினாலும் சேரும். நடை பேட்ஜிலும் வயதுக்கேற்ப நேரம் மாறுகிறது, பிள்ளையின் திறனுக்கேற்ப நிபந்தனையை மாற்றியமைக்கவும் தலைவர்களுக்கு இடமிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் முதல் இரவைக் கொண்டாட அது மிகப் பொருத்தம். அதே நாட்டில் 1956இல் தொடங்கிய டியூக் ஆஃப் எடின்பரோ விருதின் தங்க நிலைப் பயணமோ நான்கு பகல், மூன்று இரவு, நாளுக்குக் குறைந்தது எட்டு மணி நேரத் திட்டமிட்ட செயல்பாடு என்று இறுக்கமாக நிற்கிறது. பயணத்தை மதிப்பிடத் தனியாக ஒருவர் வருகிறார். பயிற்றுவித்தவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறு ஆள் என்ற அந்த ஏற்பாட்டை அமெரிக்க அமைப்பு பின்பற்றினால், மரத்தடி வகுப்புகள் பெருமளவு குறையும் என்று நினைக்கிறேன்.

பெற்றோருக்கு என் பரிந்துரை: திட்டத்தில் தயங்காமல் சேருங்கள், நிபந்தனைகளை நீங்களும் ஒருமுறை முழுவதும் படியுங்கள், சந்தேகம் வந்தால் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். எங்கே தங்குகிறோம், எதில் உறங்குகிறோம், எத்தனை இரவு என்ற மூன்றையும் எழுதி முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் ஆலோசகருக்கு அனுப்பினால் போதும்; உங்களையோ குழுப் பொறுப்பாளரையோ அந்த மடலில் சேர்த்துக்கொள்வது அமைப்பின் பாதுகாப்பு விதி. வாசகத்தில் இல்லாத எதையாவது யாராவது கேட்டால், அது எந்த வரியில் இருக்கிறது என்று பணிவாகக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வாசகத்திலேயே மாற்ற வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று. நியூ மெக்சிகோவிலுள்ள ஃபில்மாண்ட் மலைப்பகுதியில் பன்னிரண்டு நாள் முதுகுப்பைப் பயணம் போகும் பிள்ளை, நாளொரு இடமாக நகர்ந்து, ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் தானே கூடாரம் அடித்து, காலையில் மடிக்கிறாள். கோடை முகாமின் இரவுகளை அவள் முன்பே கணக்கில் எடுத்திருந்தால், இந்தப் பயணத்தின் ஓர் இரவுகூட முகாம் பேட்ஜில் சேராது. ஒரே இடத்தில் நின்ற கூடாரத்தில் படுத்த இரவுகள் சேர்கின்றன, மலை மேல் நகர்ந்து நகர்ந்து உறங்கியவை சேரவில்லை. உச்சவரம்பு எதற்காக வந்ததோ அந்தச் சுற்று, மூட்டை கட்டி, அடித்து, சமைத்து, மடித்து நகர்வது, இங்கேதான் நாள்தோறும் நடக்கிறது. நகரும் பயணங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; மலையேற்ற வாசகத்தைத் திருத்தியவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. அந்த வரி வரும்வரை நான் இப்போதுள்ளபடியே கணக்கிடுவேன். ஆகையால் ஃபில்மாண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகள், கோடை முகாம், அந்தப் பயணம் என்ற இரண்டில் எதை ஆறு இரவுக் கணக்கில் வைப்பது என்பதை அந்த ஆண்டின் வசந்த காலத்திலேயே தங்கள் ஆலோசகரோடு பேசி, மீதி இரவுகளை வார இறுதி முகாம்களில் எப்படிச் சேர்ப்பது என்று நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.